தூங்குமூஞ்சியின் நெற்றி

பல் டாக்டர் ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு பாறையின் நெற்றியை டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாகத் தேய்க்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு இருந்த வெள்ளைக் கறை அசைந்து கொடுக்கவில்லை.

"கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்க," என்றார் பாறையிடம். தொழில் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பனி இன்னும் விலகவில்லை. கடைசித் தெரு முடிந்து புல்வெளி தொடங்கும் அந்த இடத்தில் பதினான்கு பாறைகளும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தன. இருப்பதிலேயே பெரியது இது, இரண்டு ஆள் உயரம். மேலே மூடிய இமைகளாக இரண்டு மேடு, கீழே பாதி திறந்த வாயாக ஒரு பிளவு. பாறை ஏறுகிறவர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் தூங்குமூஞ்சி.

இருபது பேர் கொண்ட கூட்டம் அது. ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். கயிறும் இல்லை, ஆணியும் இல்லை. கை வியர்க்காமலிருக்க வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டு, கீழே மெத்தையை விரித்துவிட்டு, வெறும் கையால் ஏறுவார்கள். விழுந்தால் மெத்தை தாங்கும். கிளம்பும்போது அவரவர் பொடி வைத்த பிடிகளை அவரவரே தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது கூட்டத்தின் சட்டம்.

அந்தச் சட்டத்தை எல்லாருக்குமாகச் சேர்த்து டாக்டர் ஒருவரே நிறைவேற்றி வந்தார். காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. ஒன்பது வருடத்தில் அவரால் ஒரு தடவைகூடத் தூங்குமூஞ்சி மேல் ஏற முடியவில்லை. அவர் மனைவி முதல் மாதமே ஏறிவிட்டாள். போன வருடம் சேர்ந்த ஒருவர், டாக்டரிடமே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தோடு வந்து ஏறிவிட்டுப் போனார். டாக்டர் மட்டும் மூன்றாவது பிடி வரைக்கும் போவார். அங்கே அவருக்கு யோசனை வந்துவிடும். விழுந்தால் எந்தப் பக்கம் விழுவோம், விரல் மடங்கினால் நாளைக்கு ஊசி போடுவது யார் என்று யோசித்து முடிப்பதற்குள் மெத்தையில் மல்லாந்து கிடப்பார். கிடந்தபடியே கொஞ்ச நேரம் மேகம் பார்ப்பார். பிறகு எழுந்து பிரஷ்ஷை எடுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை மேலே போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. கனவில் பலமுறை உட்கார்ந்திருக்கிறார். அங்கே மெல்லிய காற்று வீசும். கீழே ஊர் சின்னதாக, யாருக்கும் பல்வலி இல்லாத ஊராகத் தெரியும்.

"ஐயோ, அத்தான்! என்ன இது?"

மண்வெட்டியும் கையுமாகப் பனிக்குள்ளிருந்து வந்து நின்றாள் மச்சினி. மனைவியின் தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கூட்டத்துக்குச் செயலாளரும் அவள்தான். மற்றவர்களை ஒற்றையடிப் பாதையில் மழைத்தண்ணீர் ஓட வழி வெட்ட விட்டுவிட்டு, பாறைகளைப் பார்வையிட வந்திருந்தாள்.

"ஏணி," என்றார் டாக்டர்.

"ஏணின்னு தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"நெத்தி எட்டலம்மா."

"ஏறிப் போய்த் தேய்க்க வேண்டியதுதானே?"

டாக்டர் பிரஷ்ஷும் கையுமாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, அதை விடுங்க. நிலத்துக்காரம்மா குடுத்த லெட்டர்ல என்ன எழுதியிருக்கு?"

"பாறை இருந்தபடியே இருக்கணும்."

"அப்புறம்?"

"ஆணி கூடாது. கயிறு கூடாது."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் இப்பவே ஒப்பிக்கணுமா?"

"ஏணி கூடாது! அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து பாத்துட்டுத்தான் இந்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாங்க. ஏணியப் பாத்தாங்கன்னா கேட்டைப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீங்க எந்த ஜென்மத்துல மேல ஏறுறது?"

"கறை போனதும் ஏணியக் குடுத்துடுவேம்மா. கடைசித் தெருவுல பெயின்டர் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாரே, அவர்கிட்டதான் வாங்கினேன். இந்த பக்கெட்டும் அவரோடதுதான்."

"அத்தான், உங்களுக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. இந்த யோசனைதான் ஆகாது. யோசிக்காம ஏறிப் பாருங்க."

"யோசிக்காம எப்படிம்மா ஏறுறது?"

"பாத்தீங்களா, இதைத்தான் சொல்றேன்," என்று மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் பையைத் துழாவி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். பஞ்சில் நனைத்து ஒற்றி, வட்ட வட்டமாகத் தேய்த்தார். கறை போயே போய்விட்டது. சந்தோஷமாகக் கீழே இறங்கி, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

கறையோடு சேர்ந்து அந்த இடத்திலிருந்த பாசி, தூசி, எத்தனையோ மழைக்காலத்துக் கருமை எல்லாமும் போயிருந்தன. கறுத்த பாறையின் நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் பளீரென்று வெளுத்திருந்தது. முன்பு கிட்டே போனால்தான் தெரியும். இப்போது ரோட்டிலிருந்தே தெரிந்தது.

பதறக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிளாஸ்கில் டீ இருந்தது. டீ கறை பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஊரில் யாருக்கும் தெரியாது, இருபது வருடமாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவையாவது கறையை வைத்துப் பார்ப்போமே என்று ஏணியில் ஏறி, வட்டத்தின் மேல் டீயை மெதுவாக ஊற்றினார்.

டீ வட்டத்தில் தங்கவில்லை. இரண்டு இமைகளின் ஓரமாகவும் வழிந்து, கன்னத்தில் நீளமாகக் கோடு போட்டு இறங்கியது.

பாதி வழியிலிருந்து திரும்பி வந்த மச்சினி, பாறையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அத்தான், இது ஏன் அழுவுது?"

"அழல. காயட்டும், சரியாயிடும்."

"ஒன்பது வருஷமா நிம்மதியாத் தூங்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு உங்க கையில மாட்டி அழுவுது."

காய்ந்தது. சரியாகவில்லை. டாக்டர் மண்ணைக் குழைத்து வட்டத்தின் மேலும் கோடுகளின் மேலும் பூசினார். வெயில் ஏற ஏற மண் வெளிறி, வெடித்து, கொஞ்சம் உதிர்ந்து, மிச்சம் மூக்குக்குக் கீழே மீசையாக நின்றது. வேறு வழியில்லாமல் பக்கெட் தண்ணீரை எடுத்து வீசினார். மண்ணும் டீயும் போயின. கூடவே இடது கன்னத்துக் கருமையில் பாதியும் போயிற்று.

இப்போது தூங்குமூஞ்சி ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு.

டாக்டர் பாறைக்கு முன்னால் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நிலத்துக்காரம்மா வருவார், பார்ப்பார், பூட்டுவார். எல்லாருக்கும் ஒரு இடம் போகும். அவருக்குக் கனவும் சேர்ந்து போகும். கண் கலங்கியது. அந்தக் கலங்கலிலும் மூளை தன் தொழிலை விடவில்லை. ஒரு பல் மட்டும் வெளுத்திருந்தால் கண்ணைக் குத்தும். வாய் முழுக்க வெளுத்திருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

எழுந்தார். முழுப் பாறையையும் தேய்த்துவிடுவது என்று தீர்மானித்தார். தண்ணீர் வேண்டாம், அது வழிகிறது. வெறும் பிரஷ் போதும். கீழ்த்தாடையிலிருந்து தொடங்கினார்.

சரக், சரக், சரக். பனி முழுக்க விலகி, வெயில் இளஞ்சூடாகப் பாறையில் படுத்திருந்தது. எங்கோ ஒரு குருவி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. பிரஷ் சத்தம் தாலாட்டாகி, டாக்டருக்கு விழித்தபடியே தூக்கம் வந்தது. கை தேய்த்தது, மனம் எங்கோ போயிற்று. தேய்க்கத் தேய்க்கப் பாறைக்கு நிறங்கள் வந்தன. கறுப்புக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் மெல்லிய ரோஜா நிறம், ஆரோக்கியமான ஈறு நிறம். இவ்வளவு அழகை வைத்துக்கொண்டா இத்தனை நாள் தூங்கினாய் என்று கேட்டார்.

"டாக்டர்!" என்று யாரோ கூப்பிட்டது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவருக்கு இப்படிக் கேட்பது உண்டு.

"ம், வாயைத் திறங்க," என்றார் திரும்பிப் பார்க்காமல்.

தாடை முடிந்தது. வாய்ப் பிளவின் ஓரங்கள் முடிந்தன. அதற்கு மேலே முழுசாகத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை, பிடிகளையும் விளிம்புகளையும் கறுப்பு தெரியாமல் இழைத்துவிட்டால் போதும். முதல் பிடி. தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு எக்கினார். இரண்டாவது பிடி. இது பெட்டி மாதிரி சதுரமானது, வலது மூலையில் எப்போதும் பொடி தங்கும். மூன்றாவது பிடியின் அடியில் சின்னப் பள்ளம் உண்டு, அங்கே பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒன்பது வருடமாக வாராவாரம் தேய்த்த பிடிகள். இருட்டில் தொட்டாலும் எது எதுவென்று சொல்லிவிடுவார். கால் தானாக அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டது. கவனம் முழுக்க பிரஷ்ஷின் முனையில்தான். நான்காவது. ஐந்தாவது. இமை மேடு. நெற்றியில் அவர் செய்த அந்த வட்டம். அதன் ஓரத்தை எல்லாம் இழைத்து, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று போனதில், தேய்க்கப் பாறை இல்லாமல் வானம் வந்துவிட்டது.

டாக்டர் உச்சியில் முட்டி போட்டபடி கடைசி விளிம்பையும் ஊதிச் சுத்தம் செய்தார். மெல்லிய காற்று வீசியது. நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டார்.

"யாரு அது, மேல?"

டாக்டர் குனிந்து பார்த்தார். கையிலிருந்த பிரஷ் விழுந்து, நிலத்துக்காரம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் தெறித்தது.

"நாலு மணின்னு சொன்னீங்களே!" என்று கத்தினார் டாக்டர்.

"வெயில் தாழ வரலாம்னுதான் பாத்தேன். தூக்கம் வரல, வந்துட்டேன்." நிலத்துக்காரம்மா குட்டையாக, விறைப்பாக, கையில் குடையும் மடித்த லெட்டருமாக நின்றார். மணி பன்னிரண்டு. பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்த மச்சினி, பாறையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, பாறை நிறம் மாறினது என் தப்பு," என்றார் டாக்டர் மேலிருந்தபடி. "ஒரு கறைய எடுக்கப் போனேன், அது இப்படி..."

நிலத்துக்காரம்மா அண்ணாந்து தூங்குமூஞ்சியைப் பார்த்தார். "கழுவினா வெளுக்கும். நாலு மழை பெஞ்சா கறுக்கும். அதுக்குப் போய் யாராவது கவலைப்படுவாங்களா?"

டாக்டருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போகவும் போயிற்று.

"நான் கேக்குறது வேற. இவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனீங்க? ஏணி வெச்சீங்களா?"

மச்சினி கண்ணாலேயே 'இல்லைன்னு சொல்லுங்க' என்று கெஞ்சினாள்.

"என் நிலத்துல ஏணி வரக்கூடாதுன்னு எதுக்கு எழுதினேன்? இன்னிக்கு ஏணி வரும். நாளைக்கு ஆணி வரும். ஆணி இருக்கேன்னு ஒருத்தர் போர்டு மாட்டுவாரு. போர்டைப் பாத்து இன்னொருத்தர் பக்கத்துல கடை போடுவாரு. இங்க ஏறணும்னா சொந்தக் கையால, சொந்தக் காலால ஏறணும். முடியாதவங்க கீழ நின்னு பாக்கணும். ஏணி வெச்சீங்களா, இல்லையா?"

டாக்டர் கீழே பார்த்தார். பாதையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மண் படிந்த முகங்கள். ஒன்பது வருடமாக அவர் விழும்போதெல்லாம் மெத்தையை நகர்த்தி நகர்த்திப் போட்டவர்கள். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"வெச்சேம்மா," என்றார். "இவங்க யாரும் வெக்கல, நான் மட்டும்தான். ஒன்பது வருஷமா இது மேல ஏற முடியாதவன் நான் ஒருத்தன்தான், அதனால வெச்சேன். என்னை நிறுத்திடுங்க. இனிமே இந்தப் பக்கமே வரல. ஆனா கையெழுத்தை மட்டும் போட்டுடுங்க, இவங்க ஏறட்டும்."

குருவி கேள்வியை நிறுத்தியிருந்தது. மச்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"முதல்ல இறங்குங்க," என்றார் நிலத்துக்காரம்மா.

டாக்டர் திரும்பி, வயிற்றுப் பக்கமாகச் சாய்ந்து, ஏணியின் மேல்படிக்காக வலது காலை நீட்டினார். படி அகப்படவில்லை. இடது காலை நீட்டினார். அதுவும் காற்றில் துழாவியது.

"அம்மாடி, அந்த ஏணிய கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளும்மா," என்றார் மச்சினியிடம்.

மச்சினி பாறையின் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள். அப்போது மேலெல்லாம் வெள்ளைத் தீற்றலோடு பெயின்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, புல்லில் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டை எடுத்தார்.

"இது இல்லாம அங்க வேலை ஓடல டாக்டர், அதான் வந்தேன்," என்றார். "காலையில எடுத்துக்கவான்னு கேட்டதுக்கு வாயைத் திறங்கன்னீங்க, ஒண்ணும் புரியல, சரின்னு ஏணிய மட்டும் பத்து மணிக்கே தூக்கிட்டுப் போயிட்டேன்."