யாரோ நினைக்கிறார்கள்

அன்றைக்கும் அதே இடத்தில் சக்கரவர்த்திக்குப் புரையேறியது.

தண்ணீர்ப் பந்தலின் மூங்கில் காலைப் பிடித்துக்கொண்டு, பாதித் தண்ணீர் மூக்கு வழியாகவும் மீதி கண் வழியாகவும் வர, அவர் இருமிய இருமலில் எதிரே யம லிங்கத்து வாசலில் படுத்திருந்த சாமியார் ஒருவர் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்தார். பந்தலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பூ கட்டிக்கொண்டிருந்த ஜோதியம்மாள் ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

"யாரோ நெனைக்கிறாங்க சார்."

"தினமுமா?" என்றார் சக்கரவர்த்தி, குரல் திரும்பியதும்.

"நேத்தும் இந்நேரந்தான். முந்தாநேத்தும் இந்நேரந்தான். நெனைக்கிறவங்க ஆபீசுக்குப் போற மாதிரி கரெக்டா நெனைக்கிறாங்க."

சக்கரவர்த்தி சிரித்துவிட்டு ஓடினார். அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அவருக்குச் சர்க்கரை. டாக்டர் சொன்னது இரண்டே வழி: காலையில் ஓட்டம், இல்லாவிட்டால் காலையில் ஊசி. பெயரில்தான் சக்கரவர்த்தி, பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது ஜன்னல் ஏறிக் குதித்தவர். வேங்கிக்காலில் அவருடைய ஆபீசில் ரத்ததான முகாம் நடந்த அன்று, இல்லாத பாட்டியைச் சாகடித்து லீவு போட்டவர். ஆகவே ஓட்டம்.

திருவண்ணாமலையில் ஓடுவதற்கு வாகான பாதை மலையைச் சுற்றிப் போகும் கிரிவலப் பாதைதான். அதில் ஒரு சங்கடம். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பாதை அது. அதில் பனியன் நனைய ஒருவர் ஓடினால், பஸ்ஸை விட்டுவிட்டார், அல்லது எதையோ திருடிவிட்டார் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நாய்கள் இரண்டாவதையே நம்பின. முதல் நாள் அவர் இதே பந்தலில் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. கையில் என்ன, காலில் என்ன என்று பார்க்க நேரமில்லை. ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டில் லாரிகளை முந்தி, வீட்டுப் படி ஏறிய பிறகுதான் ஒரு கால் கேன்வாஸ் ஷூ இல்லை என்பதே தெரிந்தது. மறுநாள் தேடிப் போனார். ஷூ இருந்தது. நாய் அதன்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வேறு ஜோடி வாங்கிக்கொண்டார்.

சித்திரை வெயிலில் அந்த ரோட்டில் ஓடுவதைவிடக் குடிக்க நல்ல தண்ணீர் தேடுவதுதான் பெரிய பாடு. கட்சிக்காரர்களின் பந்தலில் திறப்பு விழா அன்று மோர், மறுநாள் தண்ணீர், அதற்கடுத்த நாளிலிருந்து கொடி மட்டும். நகராட்சிக் குழாய் திறந்ததும் முதலில் அதுவே ஒரு பாட்டம் இருமும். பிறகு சுடுதண்ணீர் விடும். ஆசிரமத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த டிரம்மில் சுத்தமான தண்ணீர்தான், ஆனால் ஆஸ்பத்திரியை முகர்ந்ததுபோல் இருக்கும். எல்லாவற்றையும் ருசி பார்த்து அவர் தேர்ந்தெடுத்தது இந்தப் பந்தலை. போர்டு இல்லை, கொடி இல்லை. நான்கு மூங்கில், மேலே தென்னங்கீற்று, ஈர மணலில் மூன்று பானை, வெட்டிவேர் வாசனை. பக்கத்தில் அப்பாசாமி என்ற பெரியவர்.

அந்த அப்பாசாமி பேசிச் சக்கரவர்த்தி கேட்டதில்லை. இரண்டாம் நாள் போனபோது டம்ளர்களுக்கெல்லாம் புதிதாகச் சங்கிலி போட்டிருந்தது.

"தண்ணிப் பந்தல்லகூடவா திருடறானுங்க? நல்லா இருப்பானுங்களா அவனுங்க?" என்று சக்கரவர்த்தி மனம் நொந்து கேட்டார்.

அப்பாசாமி அவரைப் பார்த்தார். இந்த ஊரில் பேசாதவர்களுக்குப் பஞ்சமில்லை. மௌன விரதமாக இருக்கும் என்று சக்கரவர்த்தியும் மரியாதையாக விட்டுவிட்டார். ஆனால் தான் குடித்து முடிக்கும்வரை அந்தப் பெரியவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்திருந்தார். பெற்றவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

புரையேறுவதற்குக் காரணம் அந்தச் சங்கிலிதான். அது ஒரு முழம், சக்கரவர்த்தி ஆறடி. எச்சில் படாமல் குடிக்க அண்ணாந்தாக வேண்டும். சங்கிலி எட்டக் குனிந்தாக வேண்டும். குனிந்துகொண்டே அண்ணாந்து, மூச்சு வாங்கிக்கொண்டே விழுங்கினால் யானைக்கும் புரையேறும்.

இது ஜோதியம்மாளுக்குத் தெரியவில்லை. சாயங்காலங்களில் அவள் பூ விற்பது சக்கரவர்த்தியின் தெருவில். இரண்டு முழம் அளந்துகொண்டே, பாராட்டுகிற நினைப்பில்தான் ஆதிலட்சுமியிடம் சொன்னாள், கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் காலங்காத்தால புருஷனை இப்படி நினைக்கிற பெண்ஜாதியைத் தான் பார்த்ததில்லை என்று.

ஆதிலட்சுமி பூவை வாங்கிக்கொண்டாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை.

"அந்நேரத்துல நான் உங்களை நெனைக்கலையே" என்றாள், சக்கரவர்த்தி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள். "அந்நேரத்துல நான் நல்லா தூங்குறேன். அப்ப யாரு?"

சக்கரவர்த்தி சங்கிலி, முழம், அண்ணாந்து என்று விளக்க ஆரம்பித்தார். செய்துகாட்டவும் செய்தார். சமையலறையில் குனிந்துகொண்டே அண்ணாந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். புரையேறவே இல்லை.

"பார்த்தீங்களா" என்றாள் ஆதிலட்சுமி. "இப்ப அவ வேலையா இருக்கா."

கொஞ்ச நாளாகவே அவள் போக்கு சரியாக இல்லை. காலையில் சர்க்கரையில்லாத காபியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். பிறகு டம்ளரை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பாள். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பாள். மூக்குக்கண்ணாடி இல்லாத அந்த நேரத்தில் சக்கரவர்த்திக்குக் காபி எது, ஆதிலட்சுமி எது என்று தெரியுமே தவிர, வேறு விவரம் தெரியாது. சர்க்கரை போடாமல் குடிக்கிறேனா என்று காவல் இருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்காகவே முகத்தைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போவாள்.

இப்போது அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நினைக்கிறது யாரென்று தெரியாமல் இனி ஓட்டம் கிடையாது. ஷூ பீரோவுக்குள் போயிற்று. சக்கரவர்த்தியின் கண்முன்னால் ஊசி வந்து நின்றது.

நினைப்பது போளூரில் இருக்கும் தன் தங்கை பாஞ்சாலையாக இருக்கும் என்று அவர் அவசரத்தில் சொல்லிவைத்தார். ஆதிலட்சுமி அன்றைக்கே அவரை எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாஞ்சாலை போனிலும் வயல்வெளியில் பேசுவதுபோலத்தான் பேசுவாள். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"அவனையா? என் புள்ளைக்குக் காது குத்துனப்ப வராத அன்னிக்கே அவன் நெனப்பைத் தலை முழுகிட்டேன் அண்ணி."

அம்மாவாக இருக்கலாமே என்றார் சக்கரவர்த்தி, வீடு திரும்பும் வழியில். அம்மா செத்து ஏழு வருஷம் ஆகிறது என்று ஆதிலட்சுமி நினைவூட்டினாள். செத்தவர்கள் நினைக்க மாட்டார்களா என்று அவர் கேட்டார். அத்தை நினைத்தால் சாப்பாட்டு நேரத்தில்தான் நினைப்பார், காலங்காத்தால அல்ல என்றாள் அவள். அது நியாயமாகத்தான் பட்டது.

இனிப் பந்தலில் தண்ணீர் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்து ஷூவை மீட்டார். பந்தலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஓடினார். அப்பாசாமி எழுந்து நின்று, அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிபம்பு இருந்தது. தண்ணீர் கல்கண்டு. ஆனால் அதைக் கண்டுபிடித்தவன் இரண்டு ஆளாகப் பிறந்தவனாக இருக்க வேண்டும். சக்கரவர்த்தி நாலு அடி அடித்துவிட்டு வாய்ப்பக்கம் சுற்றி ஓடுவார். வந்து சேருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். மறுபடி கைப்பிடிக்கு ஓடுவார். இப்படியே பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தவரை அந்தப் பக்கமாக ஓடிவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பார்த்து, கிரிவலத்தில் இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று எண்ணி, தானும் பின்னாலேயே பக்தியோடு மூன்று சுற்று வந்தாள். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டு அவள் அடித்தாள், அவர் குடித்தார். பிறகு அவர் அடித்தார், அவள் குடித்தாள். புரையேறவில்லை. சக்கரவர்த்திக்குச் சொர்க்கமே கண்ணில் தெரிந்தது.

சாயங்காலம் ஜோதியம்மாள் பூவோடு செய்தியும் கொண்டுவந்தாள்.

"சார் இப்பல்லாம் நம்ம பந்தல் பக்கமே வர்றதில்லம்மா. அடிபம்பாண்ட ஒரு வெள்ளக்காரம்மா அடிக்கிறாங்க, சார் குடிக்கிறாரு. அப்பறம் சார் அடிக்கிறாரு, அவங்க குடிக்கிறாங்க. நல்ல மாதிரியான அம்மாதான்."

அன்று ராத்திரி ஆதிலட்சுமி சமைத்தாள், பரிமாறினாள், படுத்தாள். சக்கரவர்த்தி சங்கிலியைப் பற்றி மறுபடியும் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் ஷூ போட்டபோது வாசலில் கோபியின் ஆட்டோ நின்றது. உள்ளே பட்டுப்புடவையில் ஆதிலட்சுமி, மடியில் வயர்கூடை.

"நீங்க ஓடுங்க" என்றாள். "நான் பின்னால வரேன். அதே பந்தல், அதே தண்ணி. எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் ஓடினார். பின்னாலேயே ஆட்டோ முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. "சாருக்கு என்னாச்சு?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். கோபி ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். ஆசிரமத்தைத் தாண்டும்போது பின்னால் ஒரு சிறு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. அவரைத் துரத்த வந்த செவலை நாய்கூடக் கூட்டத்தைப் பார்த்து மரியாதையாகப் பின்னால் நடந்தது.

பந்தலில் சக்கரவர்த்தி கடவுளை வேண்டிக்கொண்டு சங்கிலியை எட்டிப் பிடித்தார். குனிந்தார், அண்ணாந்தார். ஊரே பார்க்கிறது என்ற நினைப்பில் ஒரு வாய் கூடுதலாக ஊற்றிக்கொண்டார்.

புரையேறியது. அதோடு நிற்காமல் விக்கலும் பிடித்துக்கொண்டது.

"நெனைக்கிறவங்க பேரைச் சொன்னா விக்கல் நின்னுடும்" என்றாள் ஜோதியம்மாள். "சொல்லிப் பாருங்க யாராச்சும்."

உலகத்தில் எந்தப் பெயரில் நின்றாலும் குடும்பம் போய்விடும் என்பது சக்கரவர்த்திக்குப் புரிந்தது. ஒரே ஒரு பெயர்தான் தன்னைக் காப்பாற்றும். அதைத் தானே சொல்லிவிட வாயைத் திறந்தார். "ஆ" என்பதோடு விக்கல் வந்து மீதியைத் தின்றுவிட்டது. கூட்டத்துக்கோ அவளைச் சார் வீட்டம்மா என்று தெரியுமே தவிர, பெயர் தெரியாது. கோபி தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொன்னான். யாரோ அவர் ஆபீஸ் டைப்பிஸ்ட் சிந்துஜாவைச் சொன்னார்கள். அந்த இடத்தில் விக்கல் இயல்பாகவே கொஞ்சம் தாமதிக்க, சக்கரவர்த்தி பதறிப்போய்ப் பொய்யாக இரண்டு விக்கினார்.

ஆதிலட்சுமி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. அவர் எதிரே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"பச்சையம்மாள்" என்றாள்.

விக்கல் சட்டென்று நின்றது.

அந்தக் குரலைக் கேட்டால் கடிகாரமே நின்றிருக்கும். ஆனால் அதைச் சொல்லி யாரை நம்பவைப்பது? சக்கரவர்த்தி அவசர அவசரமாகப் பிறந்த நாளிலிருந்து தேடிப் பார்த்தார். பள்ளிக்கூடம், ஆபீஸ், பெண் பார்க்கப் போன வீடுகள். பச்சையம்மாள் என்று ஒருத்தியும் இல்லை.

"யாரு பச்சையம்மாள்?" என்றார்.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஆதிலட்சுமி. "நீங்க ஓட ஆரம்பிச்ச மொத நாளே அவ நம்ம வீட்டுக்கு வந்துட்டா. தினம் அவ பேரை உங்க கண்ணு முன்னால திருப்பித் திருப்பி வைக்கிறேன். கொஞ்சங்கூட முகம் மாறாம, சிரிச்சுக்கிட்டே காபி குடிக்கிறீங்க. என்ன மனுசங்க நீங்க."

வயர்கூடையிலிருந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்துப் பானைகளுக்கு முன்னால் வைத்தாள். அரைச் சுற்றுத் திருப்பினாள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயர் வெயிலில் தெரிந்தது.

அப்பாசாமி மெல்ல எழுந்து வந்தார். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். தோளில் இருந்த துண்டால் துடைத்து, பெயர்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, அந்தக் கோடையில் முதல்முறையாக, வாயைத் திறந்தார்.

"எங்க வூட்டுக்காரிம்மா, போய்ச் சேந்து ரெண்டு வருசமாவுது. அவ பேரு வெட்டுன டம்ளரைச் சார் கையோட தூக்கிக்கினு ஓடுனாரே, அன்னிலேர்ந்து தினம் அவரை நெனைக்கிறது நான்தான்."