அம்மாவைக் கட்டிலில் ஏற்றப் பார்த்த ஆங்கிலம்

அழகாகப் பேசத் தெரிந்தவரிடம் அவசரமான வேலையை ஒப்படைக்கக் கூடாது. வீடு தீப்பிடித்தால் ‘தண்ணி’ என்று கத்துகிற ஆள்தான் வேண்டும். தீயின் நிறத்தை வர்ணிக்கிறவர் வேண்டாம். இது எனக்கு இன்றைக்குத் தெரியும். இருபது வயதில் தெரியாது. அப்போது நான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவி, படித்தது ஆங்கில இலக்கியம். எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் மிச்சமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

முப்பதுகளின் பிற்பகுதி அது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை தோணியில் வாவி கடந்து, ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ப் படிப்பது சொந்தக்காரருக்குள் பெரிய விவகாரமாகிவிட்டது. முன்னின்று எதிர்த்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் வட்டைக்கு அவர்தான் விதானை. அந்த வயல்வெளி முழுவதற்கும் குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடுவது அவர் பொறுப்பு.

“டாக்குத்தருக்குப் படிச்சா ஊசி போடலாம்,” என்றார் மாமா. “இங்கிலீசுக் கதை படிச்சு என்ன புள்ள செய்யிற?”

அந்தக் கேள்விக்கு என்றாவது ஒருநாள் ஊரறியப் பதில் சொல்வதென்று முடிவெடுத்துக்கொண்டுதான் நான் ரயிலேறினேன்.

கொழும்பில் எங்களுக்குப் பாடத்தோடு எழுத்துப் பயிற்சியும் இருந்தது. சொந்தமாக ஏதாவது எழுதிக்கொண்டுபோய் விரிவுரையாளர் முன்னால் வாசிக்க வேண்டும். அவர் சுங்கானில் புகை பிடிக்கிற வெள்ளைக்காரர். அவருடைய உபதேசம் ஒன்றுதான்: எதையும் நேரே சொல்லாதீர்கள். மழை பெய்தது என்று எழுதினால் நீங்கள் குமாஸ்தா. மழையென்ற சொல்லே இல்லாமல் வாசகனை நனைத்தால் நீங்கள் எழுத்தாளர். (நான் குமாஸ்தா ஆவதில்லை என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.)

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த சமயம் ஊரே கவலையில் கிடந்தது. போன மாரி வெள்ளத்தில் குளக்கட்டு உடைந்திருந்தது. ஊரார் மண் போட்டு அடைக்க அடைக்க அது கரைந்துகொண்டேயிருந்தது. அடுத்த மாரிக்குள் அரசாங்கம் கல்லு வைத்துக் கட்டித் தராவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. அந்த வருடம் வெள்ளாமையும் இருக்காது. இந்த நிலையில் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஊரைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வழக்கமாக மொழிபெயர்க்கிற முதலியார் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“புள்ள, துரைக்கு ஒரு வரவேற்பு இங்கிலீசில வாசிக்கணும். குளக்கட்டு விசயத்தையும் அதுக்குள்ள சொல்லிப் போடு.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறன் மாமா,” என்றேன், அகராதியைத் தேடியபடியே.

எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. குளம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கட்டு என்பதும் இல்லை. குளக்கட்டை எங்கள் தாயாக உருவகித்திருந்தேன். தலைமுறை தலைமுறையாக எங்களைப் பாலூட்டி வளர்த்த தாய், போன மாரியில் இடுப்பொடிந்து விழுந்தாள். அவள் பிள்ளைகள் தாகத்தோடு அவளைச் சுற்றி நின்று கலங்குகிறார்கள். வாசித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

துரை வந்தார். மோட்டார் படகில் வாவியைக் கடந்து வந்தவரைப் பந்தலில் உட்கார வைத்தோம். கூடவே, ஊரில் காய்ச்சல் இருந்ததால் கொயினா மருந்து கொடுக்க ஒரு அப்போதிக்கரியும், நோயாளியைத் தூக்கிப்போகிற சாக்குக் கட்டிலோடு இரண்டு ஆஸ்பத்திரி ஆட்களும் வந்திருந்தார்கள். நான் புதுச் சேலையில் எழுந்து நின்று வாசித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. மகள் துரைக்கு முன்னால் இங்கிலீசு பேசுகிறாளே என்று பெருமையில் விம்மி விம்மி அழுதார். அதைப் பார்த்து மாமிமார் எல்லாரும் அழுதார்கள். துரை மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வாசித்து முடித்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார், ஆங்கிலத்தில்.

“அவர் எப்போதிருந்து இப்படிக் கிடக்கிறார்?”

என் உடம்பு சிலிர்த்தது. உருவகத்தை உடைக்காமல், அதற்குள்ளேயே நின்று கேட்கிற ரசிகர். நானும் அதற்குள்ளேயே நின்று பதில் சொன்னேன்.

“போன மாரியிலிருந்து, ஐயா.”

“வைத்தியம் ஏதும் செய்தீர்களா?”

“மண்ணைக் குழைத்து அடைத்துப் பார்த்தோம். கரைந்துவிட்டது. பிறகு வைக்கோலும் மரக்குற்றியும் வைத்தோம்.”

துரையின் முகம் வெளிறியது. “இனிமேல் ஒருவரும் அவரைத் தொடக் கூடாது,” என்றார். “டாக்டர்தான் பார்க்க வேண்டும்.”

டாக்டர் என்றால் என்ஜினியர் என்று நான் விளங்கிக்கொண்டேன். மாமாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கையைத் தூக்க, ஊரே கை தட்டியது. இடுப்பொடிந்த கிழவிக்காகக் கை தட்டுகிற சனத்தைத் துரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்போதிக்கரியிடம் ஏதோ சொல்லி, விறுவிறுவென்று படகை நோக்கி நடந்தார்.

அப்போதிக்கரி பெட்டியோடு முன்னால் வந்தார். அவர் தமிழர்.

“நோயாளி எங்க?”

“எந்த நோயாளி?” என்றார் மாமா.

“இந்தப் பிள்ளைட அம்மா.”

“அம்மா நான்தான்,” என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுகணம் சாக்குக் கட்டில் அவர் பக்கத்தில் வந்து நின்றது.

“ஆடாம மெதுவாப் படுங்க. இடுப்பு கவனம்.”

“எனக்கு ஒண்டும் இல்லையே. ஏன் நான் படுக்கிற?”

“துரைட உத்தரவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். “என்னத்த புள்ள நீ சொன்ன? நாம என்ஜினியரை எல்லோ கேட்டம்?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான்கு பக்கமும் கண்முன்னால் ஒரு தரம் வந்து போயின. அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கலாம்; சாக்குக் கட்டிலும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் துரை போய்விட்டால் வெள்ளாமையும் போய்விடும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

படகு துறையை விட்டு நகரத் தொடங்கியிருந்தது. நான் நிற்கவில்லை. நேரே வாவிக்குள் இறங்கினேன். சேறு முழங்காலை விழுங்கியது, தண்ணீர் இடுப்பை எட்டியது. குளக்கட்டுக்கு நல்ல இலக்கிய ஆங்கிலத்தில் ‘டாம்’ என்று ஒரு சொல் உண்டு. நான் கைகளை வீசி, “டாம், சேர், டாம்” என்று கத்தினேன். அதே ஓசையில் ஆங்கிலத்தில் ஒரு வசவும் இருப்பது எனக்கு நினைவு வரவில்லை, துரைக்கு வந்தது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்னால் மாமா மூச்சு வாங்க வந்து கரையில் நின்றார். ஆயுளில் ஆங்கிலம் பேசாத மனிதர். கச்சேரிக்குப் போய்வந்ததில், குளக்கட்டுக்குத் துரைமார் சொல்வதாகக் காதில் விழுந்த ஒரே ஒரு சொல்லை, வட்டையில் ஆட்களைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

“துரே, பண்டு.”

அதைக் கேட்டதும் எனக்குப் புத்தி வந்தது. “பண்டு உடைந்துவிட்டது, ஐயா,” என்றேன். “தாய் என்று நான் சொன்னது பண்டை. தயவுசெய்து வந்து பாருங்கள்.”

படகு நின்றது. துரை முகத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

“அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

இறங்கி வந்தார். சேறு சொட்டச் சொட்ட நான் முன்னால் நடந்து உடைப்பைக் காட்டினேன். எத்தனை அகலம், எந்த வயல்களுக்கு அந்தத் தண்ணீர், எப்போது விதைப்பு என்று அவர் கேட்டதற்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொன்னேன். (மாமா தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஒரு அலங்காரமும் சேர்க்காமல் திருப்பினேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான்.) மாரிக்கு முன்னால் என்ஜினியர் வந்தார், கல்லும் வந்தது, கட்டு எழும்பியது. அந்த வருடம் வெள்ளாமை விளைந்தது.

கொழும்புக்குத் திரும்பி, வகுப்பில் வாசிக்க வேறொன்றும் கையில் இல்லாததால் அதே நான்கு பக்கத்தையும் வாசித்தேன். விரிவுரையாளர் வகுப்பிலேயே அதிகமான புள்ளியைப் போட்டார். மாமாவுக்கு எழுதினேன். அவர் ஆள் வைத்து எழுதுவித்த பதில் ஒரே வரி: “அந்த ஐயாவுக்கு வயல் இல்லைப் போல.”

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் சுற்றி வளைத்துப் பேச முடிந்ததில்லை. கல்யாண வீடோ காணி வழக்கோ, ஆள் பேச்சை இழுத்தால் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: “பண்டைச் சொல்லு.” என்னைப் பெண் பார்க்க வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியர், கூச்சக்காரர். ரயில் பிந்தியதைப் பேசினார், வாவிக் காற்றைப் பேசினார், வெயிலைப் பேசினார். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“தம்பி, பண்டைச் சொல்லுங்க.”

வந்தவர் ஒன்றும் விளங்காமல் மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எனக்கு இவவைப் புடிச்சிருக்கு,” என்றார்.