செவ்வாய்க்கிழமை சத்தியம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சிமென்ட் ஆலை இருந்தது. தம்பி தமிழழகனும் தங்கச்சி மலர்க்கொடியும் மூன்று வாரமாகக் கட்டியது. அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. அரியலூர் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வந்து கட்டினார்கள். புகைபோக்கி, அப்பாவின் பவுடர் டப்பா. கல் லாரி, அப்பாவின் ஷேவிங் டப்பா. கல் ஏறிப்போகிற பட்டை, அப்பாவின் பெல்ட். பத்து நாளாக அவர் பேண்ட்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அப்பா குழந்தைவேலுக்குப் பெரம்பலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைக்கூட ஓட வைப்பார். வீட்டில் அவர் பேச்சு மட்டும் ஓடாது.

அந்தத் திங்கட்கிழமை காலை, லாரி மேல் காலை வைத்துக் குப்புற விழுந்தார். எழுந்ததும் அறிவித்தார். "இனிமே இந்த வூட்டுல ஒரு கோடு கிழிக்கக்கூடாது. ஒரு டப்பாவ ஒட்டக்கூடாது."

அம்மா புவனேஸ்வரி தோசையைத் திருப்பிப் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, அதுவரைக்கும் தாண்டிப் போங்க என்றாள். அவ்வளவுதான்.

அப்பா ஒரு நாள் பொறுத்தார். ஏன் பொறுத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம், அம்மா ரேஷன் கடை. அப்பா ஆலையைச் சாக்கில் அள்ளி, தெருவில் வந்த குப்பை வண்டியில் ஏற்றினார். பெல்ட்டை மட்டும் உருவி இடுப்பில் மாட்டிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் வீடு நீதிமன்றம் ஆனது. தம்பி அழவில்லை. வெறும் தரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். குப்பையில் போடுவேன், குப்பையில் போடுவேன் என்று ஐம்பது தடவை சொன்னவள் நான்தானே. யார் போட்டார்கள் என்று தெரிகிறவரை சாப்பிட மாட்டேன் என்றான்.

அப்பா எழுந்தார். சூடம் ஏற்றச் சொன்னார். தட்டில் எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "சிறுவாச்சூர் அம்மன் மேல சத்தியமா நான் அதத் தொடலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறுவாச்சூர் அம்மன் எங்கள் குலதெய்வம். மற்ற எதில் விளையாடினாலும் அதில் விளையாட மாட்டார். கொல்லைப்புறத்தில் அப்பாவை மடக்கினேன்.

"கழுதை, இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். "கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் தொறக்கும். மத்த நாள்ல அம்மன் மலைக்குப் போயிடும். ஆள் இல்லாத வூட்டுல சொன்னது கணக்குல வராது."

நான் ப்ளஸ் டூ கணக்கில் பெயில். மறுபடி எழுத டுடோரியலில் சேர மாட்டேன் என்று நின்றுவிட்டேன். பழியை நான் சுமந்தால் பொங்கல் வரைக்கும் டுடோரியல் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றார். ஒத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், நல்ல பேரம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் தாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. தம்பி தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தான். மலர்க்கொடி என் தலையணை உறையில், கொம்பு வைத்து, கோரைப்பல் வைத்து என்னை வரைந்திருந்தாள். அப்பாவுக்கும் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அம்மா சொன்னாள்: "நாளைக்கு சிறுவாச்சூர் போறோம். நடை தொறந்திருக்கும். அங்க நின்னு அதே வார்த்தைய ஒருவாட்டி சொல்லிடுங்க. புள்ளைங்க மனசு ஆறும்."

கடையில் இரண்டு மோட்டார் நிற்கிறது என்றார் அப்பா. சொல்லியாச்சு, ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கிறாங்களாம் என்றாள் அம்மா. காய்ச்சல் அடிக்கிறது என்றார். அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சுடலையே."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மலர்க்கொடி அப்பா மடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பொய் சத்தியம் பண்ணா அம்மன் கண்ண எடுக்குமா, கால எடுக்குமா?"

"தெரியாதும்மா."

"மொதல்ல எத எடுக்கும்?"

இறங்குவதற்குள் அப்பா ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தார்.

கோயிலில் நல்ல கூட்டம். அரை மணி நேரம் நின்றோம். ஒவ்வொரு அடிக்கும் அப்பா பின்னால் இருக்கிறவர்களுக்கு வழிவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். சூடத்தை ஏற்றித் தட்டை நீட்டினாள். அப்பா கையைத் தூக்கினார். கை சூடத்துக்கு மேலேயே நின்றது. தம்பி இமைக்காமல் பார்த்தான்.

"நான்தான்டா போட்டேன்" என்றார் அப்பா. "இனி அந்த ஹால் உங்களுக்குத்தான். என்ன வேணா கட்டுங்க, எதுல வேணா வரைங்க. தாயே, என்னை விட்டுடு. மொட்டை போட்டுக்கிறேன்."

அம்மா பர்ஸைத் திறந்தாள். மொட்டைச் சீட்டு உள்ளே தயாராக இருந்தது. "வந்ததும் வாங்கிட்டேன். எதுன்னாலும் மொட்டைதான வேண்டுவீங்க."

வீட்டுக்கு வந்ததும் தம்பி பரண்மேல் ஏறினான். ஒரு சாக்கை இறக்கினான். சாக்குக்குள் ஆலை, புகைபோக்கி மட்டும் கொஞ்சம் நசுங்கி. செவ்வாய்க்கிழமை ரேஷன் கடையிலிருந்து வந்த அம்மா, தெருமுனையிலேயே குப்பை வண்டியை மறித்து வாங்கியிருக்கிறாள். அன்று ராத்திரியே அடுப்படியில் தம்பியிடம் விஷயத்தைச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் சோறும் ஊட்டியிருக்கிறாள்.

"அப்பான்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றேன்.

"இடுப்புல பெல்ட்டக் கட்டிக்கிட்டு சத்தியம் பண்ண ஆள வேற கண்டுபிடிக்கணுமா?"

"அப்ப எனக்கு ஏன் சொல்லலை? மூணு நாளா நான் கொம்போட கெடக்கிறேன்."

"உன் வாய் சும்மாவே நிக்காதே, யாரு என்ன குடுத்து அடைச்சாங்கன்னு பாத்தேன். திங்கட்கிழமையிலேருந்து நீ டுடோரியல் போற, சேத்து வுட்டாச்சு."

அப்பா சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சுவரோரம் உட்கார்ந்தார். மலர்க்கொடி அவரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். கையில் ஸ்கெட்ச் பேனா.

"அம்மா, எதுல வேணா வரையலாம்னு அப்பா சொன்னாங்கள்ல?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சந்தனம் காயட்டும். அப்பா ஆடாம உக்காருவாரு."