மாமாவும் மூன்றாவது சுவரும்

வயலில், கிளை பரந்த ஓம்பு மரத்தடியில் எலியாஸ் கட்டியிருந்த குடிலைப் பார்த்ததும் அவன் மனைவி ஃபானி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மரத்துக்கு அடியில கட்டினா செல்லாதுங்க. கூரை வழியா வானம் தெரியணும். எங்கப்பா பாத்தா அப்படியே திரும்பிப் போயிடுவாரு."

யூதர்களின் குடில் திருநாளில் ஏழு நாளும் இலைக்கூரைக்குக் கீழேதான் சாப்பாடு. ஒன்பது வருடமாக எலியாஸ் சாப்பிட்டது ஊரார் மரியாதையாக 'டான்' என்று அழைக்கும் மாமனார் கெர்ஷோனின் குடிலில். ஒவ்வொரு கரண்டி சூப்புக்கும் ஒரு குத்தல்: "நாலு குச்சி நடத் துப்பில்ல, என் பொண்ணை மட்டும் கட்டத் தெரிஞ்சுது."

இந்த வருடம் ரோஷம் வந்து, "நாளைக்கு மதியம் எங்க வயல்ல சாப்பாடு" என்று சவால் விட்டுவிட்டான். கிழவர் வாயால் ஒரே ஒரு 'பரவாயில்லை' வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

குடிலைப் பிரித்து வெட்டவெளிக்கு மாற்றினான். அங்கே காற்று ஒரு துணிச்சுவரைப் பிடுங்கி முள்வேலியில் போட்டு, தாறுமாறாகக் கிழித்தது.

"ரெண்டு சுவர் பத்தாதே, மூணு வேணுமே!" என்று பதறினான்.

"கட்டிப் போட்ட மாடும் சுவர்தான். பெரியவங்களே எழுதி வெச்சிருக்காங்க" என்றாள் ஃபானி.

மாடு தேடிப் போன பண்ணையாள் செஃபெரினோ போன வேகத்தில் ஒரு செவலைப் பசுவோடு திரும்பினான்.

"யாரோடதுடா?"

"வேலியோரமா நின்னுச்சு முதலாளி."

கேட்க நேரமில்லை. கட்டினார்கள். சுவர் நிமிர்ந்து கூரையை மேயத் தொடங்கியது. எலியாஸ் அவசரமாக யூகலிப்டஸ் கிளைகளைப் பரப்பினான். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குடிலோ இருமல் மருந்துபோல் நாறியது.

அதற்குள் கேட்டருகே மாமனாரின் குரல் கேட்டது.

"மாப்ளே! என் ரெய்னாவைக் காணோம்! செவலை, நெத்தியில வெள்ளை நட்சத்திரம். காலைலேருந்து தேடுறேன்!"

எலியாஸ் சுவரின் நெற்றியைப் பார்த்தான். நட்சத்திரம் இருந்தது. மேசைவிரிப்பை உருவி மாட்டின் மேல் போர்த்தினான்.

கிழவர் வந்து அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார்.

"சுவர் சூடா இருக்கே?"

"வெயில், மாமா."

"மூச்சு விடுதே?"

"காத்து, மாமா."

"ம்மா" என்றது சுவர்.

"ம்மா... மாமா, சூப் ஊத்திக்குங்க!" என்று எலியாஸ் கத்தினான். ஃபானி ரொட்டிக் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

டான் கெர்ஷோன் நிதானமாகச் சூப்பை உறிஞ்சினார். "சட்டம் தெரியுமா மாப்ளே? சுவர் மாடா இருக்கலாம், யானையாக்கூட இருக்கலாம். திருட்டுச் சொத்தா மட்டும் இருக்கக் கூடாது. அதுல உக்காந்து சாப்பிட்டா புண்ணியம் கிடையாது."

எலியாஸின் கையிலிருந்த கரண்டி நடுங்கியது. ஒன்பது வருட மானம் ஒரே மதியத்தில் போகப்போகிறது. ஆனாலும் ஒரு கிழவரை ஏமாற்றிச் சாப்பிட வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்து விரிப்பை இழுத்தான்.

"மாமா, இதுதான் உங்க ரெய்னா. சத்தியமா எனக்குத் தெரியாது. குடிலும் வேணாம், சவாலும் வேணாம். ஓட்டிட்டுப் போங்க."

ரெய்னா கிழவரின் தொப்பியை அன்போடு நக்கியது. அவர் தட்டை நீட்டினார்.

"பரவாயில்லை. இன்னொரு கரண்டி ஊத்து."

எலியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது செஃபெரினோ வாளியோடு எட்டிப் பார்த்தான்.

"டான் கெர்ஷோன், காலைல நீங்க வேலியோரமாக் கட்டிட்டுப் போன மாட்டுக்குப் பால் கறக்கற நேரமாச்சு, அவுத்துக்கவா, இல்ல முதலாளி இன்னும் கொஞ்சம் நடுங்கட்டுமா?"