நாற்பத்திரண்டு வீட்டுக்கு ஒரு சலவை அறை

எஸ்கில்ஸ்டூனா, மார்ச் 3

அன்புள்ள மருமகள் எலினோருக்கு,

மாமா சிக்ஸ்டன் எழுதுவது. நானும் உன் அத்தை அஸ்டாவும் நலம். எங்கள் துணிகள் நலமில்லை.

"மாமா, சலவை அறைக்கு முன்பதிவு செய்ய என்னென்ன வேணும்?" என்று போன கோடையில் கேட்டாய். "நாள், நேரம், வீட்டு எண்" என்றேன், நாற்பது வருடம் பாடம் நடத்திய பெருமையோடு. தப்பான விடை. அதை நம்பி நீ செயலி எழுதினாய். நாங்கள் சுவரிலிருந்த பழைய பலகையைக் கழற்றினோம். வரும் வியாழக்கிழமை எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உன் செயலியைத் தூக்கி எறிய ஓட்டெடுப்பு. சிபாரிசு செய்தவன் என்பதால் செயற்குழுவிலிருந்து என்னையும்.

அந்தப் பலகையில் ஒவ்வொரு நாளின் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துளை. வீட்டுக்கு ஒரே ஒரு பூட்டு. வேண்டிய துளையில் அதை மாட்டிவிட்டால், துவைத்து முடித்து எடுக்கும்வரை வேறு நாள் பிடிக்க முடியாது. இதை யாரும் விதியாக எழுதவில்லை. கையில் இருப்பது ஒரு பூட்டு, அவ்வளவுதான். உன் செயலியில்தான் பூட்டே இல்லையே, இரண்டாம் மாடி ரூனே கிறிஸ்துமஸ் வரை ஞாயிறுகளை வளைத்துப் போட்டார். அதைக் கேள்விப்பட்ட எதிர்வீட்டு குன்வோர் படியில் நின்று அறிவித்தாள்: "எனக்குத் தொண்ணூறு வயசாகற வரைக்கும் எல்லா சனிக்கிழமையும் போட்டுட்டேன்."

"அது வரைக்கும் துணி தாங்குமா குன்வோர்?" என்றேன்.

"துணி தாங்கும். நீ தாங்குவியான்னு பாரு."

பிறகென்ன, நாற்பத்திரண்டு வீடும் பதினைந்து, இருபது வருடத்துக்குப் பதிந்து தள்ளிடுச்சு. இப்போ பக்கத்தைத் திறந்தால், காப்பி குடிச்சு, இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்னு முடிச்சப்புறம்தான் செவ்வாய்க்கிழமை தெரியுது. வேகம் கூட்ட நீ மேகக்கணினியில் பெரிய இயந்திரமாக வாடகைக்குப் பிடித்தாய். அப்படியும் அதே கதை. உன் செயலி ஒவ்வொரு நேரத்துக்கும் எல்லாப் பதிவையும் புரட்டுகிறது; ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்று வகுப்புக்கு யார் வந்தார்கள் என்று அறிய, ஒவ்வொரு பெயருக்கும் நான் ஆசிரியர் அறைக்கு ஓடி, பள்ளி தொடங்கிய நாளிலிருந்து உள்ள பதிவேட்டையெல்லாம் புரட்டிவிட்டு வருகிறேன் என்று வை. நீ எனக்கு ஓட்டப்பந்தயக் காலணி வாங்கித் தந்திருக்கிறாய்.

முன்பதிவை விடு, பூட்டை எழுது. பூட்டு ஒரு துளையில் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும். தரவுத்தளத்தில் மொத்தமே நாற்பத்திரண்டு வரி. அதுக்கு மேகம் எதுக்கு, கைக்குட்டையே போதும். புதன்கிழமைக்குள் மாற்றிவிட்டால் நாம் இருவரும் பிழைத்தோம்.

உன் விசைப்பலகை நோகாமலும், நாய்க்குட்டி செருப்பைக் கடிக்காமலும் இருக்க எங்கள் ஆசிகள்.

மாமா சிக்ஸ்டன்

பி.கு.: ரூனேயையும் குன்வோரையும் பற்றி எழுதியதை அடித்துவிடு. தோளுக்கு மேலே எட்டிப் படித்த உன் அத்தை, "நீங்க போட்டதைச் சொல்லலையா?" என்கிறாள். செவ்வாய்க் காலைகளை 2051 வரை பிடித்தவன் நான். முதல் நாளே, அந்த இருவருக்கும் முன்னால். என்னைப் பார்த்துத்தான் ரூனே ஆரம்பித்தார். கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிடுகிறேன், செயலி தப்பிக்கட்டும். எங்கள் வீட்டுப் பூட்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் செவ்வாய், மற்றதில் சனி என்று எழுதி, இதை இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்.