விசர் நாயும் ரெங்கம்மாவின் விசிறியும்

தெமோதரை,
28.2.1957

மிகுந்த மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

ஜெயமலர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் சிராய்ப்பும் காய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நீங்களும் சின்னம்மாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

அடுத்த மாதம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வரவேண்டாம். காரணத்தை ஒழுங்காக எழுதுகிறேன். எனக்குப் பதுளையில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதற்குக் காலை ரயில் பிடிக்க வேண்டும், ஸ்டேஷனுக்குப் போகும் பாதையோ தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை ஒட்டிப் போகிறது, அங்கே தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா அக்காவின் நாய் இருக்கிறது. தினமும் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பதால் அதன் பெயரே பெரட்டு. எனக்கு நாய் என்றால் பயம். ஸ்டேஷன் வரை என்னைக் கூட்டிப்போகும் அப்பாவின் பயம் என்னுடையதைவிட முப்பது வயது மூத்தது. அதனால் முதல் இரண்டு கிழமையில் நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே நாள், அதுவும் மழைக்குப் பெரட்டு வெளியே வராத நாட்கள். யாழ்ப்பாணத்துக்கே அனுப்புவோம் என்று அப்பா தீர்மானித்தார். அங்கே நாய் இல்லையோ என்று அம்மா கேட்டதற்கு, அங்கே நாய்கள் வேலிக்குள்ளே நிற்கும் என்றார். நான் அம்மாவை விட்டுவிட்டு வருவதை நினைத்துத் தலையணையை நனைத்தேன்.

மூன்றாம் திங்கட்கிழமை பெரட்டு எங்களை நோக்கி ஓடி வந்தது. அப்பா இந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், அவருடைய ஊசியைக் கண்டால் பெரிய ஆட்களே கட்டிலுக்கடியில் புகுவார்கள், அப்படிப்பட்டவர் நாயைப் பார்த்து மரியாதையாக "போங்கோ, போங்கோ" என்றார். அதுவோ இன்னும் கிட்ட வந்தது. அப்பா பின்னால் நகர்ந்து தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் முழங்கால் சிராய்க்க விழுந்தார், அங்கே கிடந்தபடியே "விசர்! விசர்!" என்று கத்தினார். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் விசர் என்றால் பைத்தியம், விசர் நாய் என்றால் வெறிநாய். ஆனால் ரெங்கம்மா அக்காவின் பேச்சில் அந்தச் சொல்லே இல்லை. டாக்டர் ஐயாவுக்கு மயக்கம், விசிறி கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டு, லயத்துக்குள் ஓடிப்போய் ஒரு பனையோலை விசிறியோடு வந்து, கானுக்குள் இறங்கி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீசத் தொடங்கினார். பெரட்டும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்தது. ரெங்கம்மா அக்கா தோளை விடாததால் அப்பாவால் ஓட முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா "காணும்" என்றார். போதும் என்று அர்த்தம். ரெங்கம்மா அக்காவோ "என்னாங்கய்யா காணோம்?" என்று கானுக்குள் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான்தான் இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் சொன்னேன். காணும் என்பதற்கு வயிறு குலுங்கச் சிரித்தவர், விசர் என்றதும் சிரிப்பை நிறுத்தி நாயின் கழுத்தில் கை வைத்தார்.

"வெறி நாயின்னு ஐயா வாயால சொல்லிட்டா தோட்டத்துத் துரை சுட்டுப் போடுவாரே பாப்பா."

அப்பா தலை குனிந்தார். அவர் சொன்னால் இங்கே யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ரெங்கம்மா அக்கா கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"ஊசி போடுறப்ப எங்க புள்ளைககிட்ட என்னா சொல்லுவீங்க? கைய தளர விடு, அங்கிட்டுப் பாரு, மூச்ச விடு. அதையே நீங்களும் செய்ங்கய்யா."

மறுநாள் முதல் அதுதான் எங்கள் பாடம். காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்து, கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுமுன் ரெங்கம்மா அக்கா நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாங்கள் கையைத் தளரவிட்டு, நமுனுகுல மலையைப் பார்த்து, மூச்சு விட்டபடி முதலில் இருபது அடி தூரத்தில் கடந்தோம், பிறகு பத்தடி, பிறகு ஐந்தடி. ஓடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். எட்டாம் நாள் பெரட்டு என் புறங்கையை மோந்து பார்த்தது. பதினோராம் நாள் அப்பா காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் நெற்றியில் ஒரு விரலை வைத்தார். எங்களைப் பார்த்துச் சிரித்த லயத்துக் கந்தப்பனை ரெங்கம்மா அக்கா "நீ ஊசிக்குப் பயந்து கூரையில ஏறுனவன்தானடா" என்று ஒரே வார்த்தையில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடமே போகாத அவர், ஒரு நாள்கூட எங்களைக் கோழை என்று சொல்லவில்லை. எனக்குப் பாடம் சொன்னவர்களில் அவரைப்போல் பொறுமைசாலியை நான் கண்டதில்லை. இப்போது பெரட்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடக்க, ஸ்டேஷன் வரை ஊர்வலம்தான். பாடம் தொடங்கியதிலிருந்து பதின்மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஆகவே நீங்கள் வீணாக அலைய வேண்டாம்.

சின்னம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் தபாலிலேயே வந்தால் போதும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவுள்ள மகள்
ஜெயமலர்

பின்குறிப்பு: இதை நேற்று எழுதினேன். இன்று காலை ரெங்கம்மா அக்கா தங்கை பிள்ளையின் காதுகுத்துக்குப் பெரட்டையும் கூட்டிக்கொண்டு நமுனுகுல பக்கம் போய்விட்டார், வரப் பத்து நாளாகும். ஸ்டேஷன் பாதை வளைவில் ஓர் எருமை நின்றது. இவ்வளவு நாளும் அதைப் பெரட்டுதான் எங்களுக்கு முன்னே போய் விரட்டியதாம், எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் நானும் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள். என்னைக் கூட்டிப்போக அல்ல. பத்து நாள் எங்களுக்கு முன்னால் நடந்தால் போதும், குரைக்க வேண்டியதில்லை.