போன சீசன் பேக்கப்

"ஏம்ப்பா திலீப்பு, போன சீசன்ல எப்டி இருந்துச்சோ அப்டியே ஆவணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

சொல்லிவிட்டு முதலாளி ஆதிநாராயணன் தன் அறைக்குள் போய்விட்டார். சித்தூரில் இருந்த அவருடைய மாம்பழக்கூழ் ஆலையின் சர்வர், முந்தின நாள் இடியில் படுத்துவிட்டது. கைவசம் இருந்தது போன மே மாத பேக்கப் ஒன்றுதான். வெளியே பங்காருபாளையத்து லாரிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன. இருட்டுவதற்குள் பழம் இறங்காவிட்டால் திலீப்புக்கு வேலை இல்லை. அதையும் முதலாளி மறக்காமல் சொல்லியிருந்தார்.

திலீப் பேக்கப்பை ஏற்றினான். சர்வர் எழுந்த கையோடு தன் பழைய நெட்வொர்க் நம்பரை எடுத்துக்கொண்டது. அது இப்போது குளிர்பதன அறையின் நம்பர். இரண்டும் மல்லுக்கு நின்றதில் அலாரம் அலறியது.

சர்வரின் நம்பரை மாற்றினான். அலாரம் நின்றது. எடைமேடையும் நின்றது; போன சீசனுக்குப் பிறகு அன்றுதான் போட்ட அது, சர்வரைப் பழைய நம்பரில்தான் தேடியது.

இந்த அமைப்பையெல்லாம் போட்டவர் வெங்கடரமணன். முதலாளியோடு வாய்த்தகராறாகி, போன ஜூனில் வெளியே போனார்; அந்த நாற்காலிக்குத்தான் திலீப் வந்தான். மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டினான்.

சர்வரில் தேதியும் போன மேயிலேயே நின்றிருந்தது. திருத்தினான். கணக்குப் பிரிவு ஷோபா செல்லோடு வந்தாள்.

"சார், அட்டெண்டன்ஸ்ல ஒரு வருஷமா நான் லீவாம். ஒடனே டூட்டிக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்துக்கீது."

"உங்களுக்கு மட்டுமா?"

"லிஸ்ட்ல கீற எல்லார்க்கும்."

"சரி, அத அப்பறம் பாக்கலாம்."

எடைமேடைக் கொட்டகைக்கு ஓடினான். அங்கே புது நம்பரைப் போடப் போனால் பாஸ்வேர்டு கேட்டது. வெயிலில் ஒரு மணி நேரம் தோன்றியதையெல்லாம் தட்டிப் பார்த்தான். பாழாய்ப்போன எடைமேடை எதற்கும் மசியவில்லை. தன் அறையில் எங்காவது பாஸ்வேர்டு கிடைக்குமா பார்க்கலாம் என்று திரும்பினான்.

கதவில் விரலை வைத்தான். 'அனுமதி இல்லை.' சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தான். அதே பதில். மே மாதத்து சர்வருக்கு ஜூனில் சேர்ந்தவனை எப்படித் தெரியும்?

பின்னால் ஹாரன் கேட்டது. முதல் லாரி எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்தது.

"முனிரத்தினம்ணா," என்றான் வாட்ச்மேனிடம், "லாரி நவுருதே, யாரு சரி பண்ணது?"

"வெங்கடரமணன் சாரு. டூட்டிக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்துதாம். வெரல வெச்சாரு, கதவு தொறந்துகிச்சி. சர்வருக்குப் பழைய நம்பரே குடுத்துட்டு, குளிர் ரூமுக்கு வேற போட்டாராம். இப்ப உங்க சீட்ல உக்காந்து காப்பி குடிச்சிக்கினு கீறாரு."

"மொதலாளி ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு சார். போன சீசன்ல இருந்தாப்பலயே ஆயிடிச்சின்னு."